தகட்டில் விழுந்த தடம்

துகள்களின் தடத்தைக் காட்டும் கருவியான வில்சனின் மேக அறையில் ஒரு குறை இருந்தது. அறை விரிவடையும் அந்த ஒரு நொடிப்பொழுதில் வரும் துகள் மட்டுமே அதில் சிக்கும். மறுபடி தயாராவதற்குள் எத்தனை துகள்கள் கடந்து போயினவோ, கணக்கில்லை. வானத்திலிருந்து எப்போதோ ஒருமுறை இறங்கும் அபூர்வத் துகளைப் பிடிக்க, இரவும் பகலும் கண் மூடாத ஒரு கருவி வேண்டும். மின்சாரம் இல்லாத மலை உச்சியிலும் அது வேலை செய்ய வேண்டும். அப்படி ஒன்று அப்போதே கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது: புகைப்படத் தகடு.

கண்ணாடித் தகட்டின் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளி புரோமைடின் நுண்பரல்கள். எமல்ஷன் என்பது இதுதான். மின்னூட்டமுள்ள துகள் இதற்குள் புகுந்து போனால் வழியில் தொட்ட பரல்களில் மாற்றம் நேரும். தகட்டை டெவலப் செய்து கழுவினால் அந்தப் பரல்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகத் தங்கும். புள்ளிகள் நெருங்கியிருந்தால் துகள் மெதுவாகப் போயிருக்கிறது. பாதை அதிகமாகக் கோணியிருந்தால் துகளின் நிறை குறைவு. தடத்தின் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மைக்ரோஸ்கோப்பை வைத்துத் தகடு முழுவதையும் சலிக்க வேண்டும்.

இந்த வித்தையை வளர்த்தெடுத்தவர் வியன்னாவின் மரியட்டா பிளாவ். ரேடியம் ஆய்வுக் கழகத்தில் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் உழைத்தவர். 1937இல் அவரும் ஹெர்த்தா வாம்பாகரும் இன்ஸ்புருக் அருகே 2,300 மீட்டர் உயரத்திலுள்ள ஹாஃபெலேகாரில் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் நட்சத்திரம்போல் சிதறியிருந்தன. வானத்திலிருந்து வந்த காஸ்மிக் கதிர் மோதி ஓர் அணுக்கரு உடைந்ததன் சாட்சி அது. அடுத்த மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். யூதரான பிளாவ் நாட்டைவிட்டு வெளியேறினார். ஐன்ஸ்டீனின் உதவியால் மெக்சிகோவில் வேலை கிடைத்தது. போகும் வழியில் ஹாம்பர்க்கில் அவருடைய ஆய்வுக் குறிப்புகளை அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். கூட உழைத்த வாம்பாகரோ நாஜிக் கட்சி உறுப்பினர்.

அதே 1938இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் அறிவியல் மாநாடு. வந்திருந்தவர்களில் ஜெர்மானிய இயற்பியலாளர் வால்தர் போத்தேயும் ஒருவர். ஜகதீஷ் சந்திர போஸின் மருமகன் டி.எம். போஸ் அவரிடம் காஸ்மிக் கதிர்கள் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்து போஸ் இன்ஸ்டிடியூட்டில் ஒரு திட்டம் பிறந்தது. நல்ல மேக அறை கைவசம் இல்லை, தகடு இருக்கிறது. டி.எம். போஸுடன் இந்த வேலையில் இறங்கியவர் பிபா சவுத்ரி. 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தவர், அப்போது வயது இருபதுகளின் நடுவில்.

தகடுகள் டார்ஜிலிங்குக்குப் போயின. அதற்கும் மேலே, 3,600 மீட்டர் உயரத்துச் சந்தக்ஃபூவுக்குப் போயின. அங்கிருந்து திபெத்தின் ஃபாரி சோங் வரைக்கும் போயின. மாதக்கணக்கில் மலையில் கிடந்துவிட்டு வந்த தகடுகளில் சவுத்ரி ஒவ்வொரு தடமாக அளந்தார். எங்கே எவ்வளவு வளைகிறது, புள்ளிகள் எத்தனை நெருக்கம் என்ற இரண்டையும் வைத்து நிறையைக் கணக்கிட்டார்கள். எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு என்று விடை வந்தது. எலெக்ட்ரானும் அல்ல, புரோட்டானும் அல்ல, இடைப்பட்ட மெசான். 1940 முதல் 1942 வரை ‘நேச்சர்’ இதழில் கட்டுரைகள் வெளிவந்தன.

ஆராய்ச்சி அத்தோடு நின்றது. அவர்களிடம் இருந்தவை இல்ஃபோர்டு கம்பெனியின் ‘ஹாஃப்-டோன்’ தகடுகள். இன்னும் நுட்பமாகப் பதியும் தகடுகள் வேண்டியிருந்தன. போர்க்காலம், வரவழைக்க வழியில்லை. வெறும் பேப்பரும் பென்சிலும் போதும் என்கிற கோட்பாட்டு இயற்பியல் அல்ல இது. லண்டனுக்கு அருகிலுள்ள ஒரு தொழிற்சாலை என்ன பூச்சு பூசுகிறதோ, அதுதான் கல்கத்தாவில் எதைப் பார்க்க முடியும் என்பதைத் தீர்மானித்தது.

போர் முடிந்ததும் அதே இல்ஃபோர்டில் சிசில் வாலர் என்ற வேதியியலாளர் வெள்ளி புரோமைடைப் பலமடங்கு கூட்டிப் புது எமல்ஷன் செய்தார். 1946இல் அது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சிசில் பவலின் குழுவுக்குக் கிடைத்தது. குழுவிலிருந்த இத்தாலியர் ஓக்கியாலினி, போர்க்காலத்தில் பிரேசிலில் மலையேற்ற வழிகாட்டியாகக் காலம் தள்ளியவர். பிரனீஸ் மலையின் பிக் து மிதி உச்சிக்குத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு போக அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

கொண்டுவந்த தகடுகள் மைக்ரோஸ்கோப்புகளின் முன் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போயின. பெரும்பாலோர் இயற்பியல் படித்தவர்கள் அல்லர். 1947இல் மரியட்டா குர்ஸ் என்பவர் ஒரு விசித்திரத்தைப் பிடித்தார்: ஒரு மெசான் தடம் முடிகிற இடத்திலிருந்தே இன்னொரு மெசான் தடம் கிளம்புகிறது. சில நாட்களில் ஐரீன் ராபர்ட்ஸ் இரண்டாவதைக் கண்டெடுத்தார். இதில் புதிய தடம் சுமார் 0.6 மில்லிமீட்டர் ஓடித் தகட்டுக்குள்ளேயே நின்றது. பிரேசில்காரர் லாட்டெஸ் பொலிவியாவின் சக்கால்தாயா மலையில், 5,000 மீட்டருக்கும் மேலே, தகடுகளை வைத்து மேலும் பலவற்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் பிறந்த துகள் அதே தூரம்தான் ஓடியது. ஆக ஒன்று சிதைந்து இன்னொன்று பிறக்கிறது. சிதைந்தது பையான், 1935இல் இயற்பியலாளர் யுகாவா இருக்கும் என்று கணித்துச் சொன்ன துகள். எலெக்ட்ரானைப்போல் 273 மடங்கு. பிறந்தது மியூவான், 207 மடங்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்த பத்தாண்டுக் காலக் குழப்பம் தீர்ந்தது.

1950இல் நோபல் பரிசு பவலுக்கு, அவர் ஒருவருக்கு மட்டும். அதே ஆண்டு பிளாவையும் வாம்பாகரையும் ஷ்ரோடிங்கர் பரிந்துரைத்திருந்தார், பலிக்கவில்லை.

சவுத்ரியைப் பற்றி எழுதுபவர்களில் சிலர், பையானை முதலில் கண்டவர் அவரே, நோபல் பறிபோனது என்று அடித்துச் சொல்கிறார்கள். அது மிகை. அவர் அளந்தவற்றில் பெரும்பாலானவை மியூவான்களாகவே இருந்திருக்கும். நிறையை மட்டும் வைத்து 207ஐயும் 273ஐயும் பிரித்துச் சொல்ல அந்தத் தகடுகளுக்குத் திராணி இல்லை. ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. ஆனால் தகட்டில் மெசானை அடையாளம் காணும் முறையை பிரிஸ்டலுக்கு முன்பே செய்து காட்டியவர்கள் அவரும் போஸும்தான். பவலே 1959இல் எழுதிய நூலில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். இந்தப் பெருமையே போதுமானது, கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பவலுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும்: தடத்தின் படத்தை அச்சிடும்போது அதைக் கண்டெடுத்த பெண்ணின் பெயரையும் அடியில் போட்டார். அன்றைய ஆய்வுக்கூடங்களில் அது வழக்கமில்லை.

சவுத்ரி பிறகு மான்செஸ்டரில் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் டாக்டர் பட்ட ஆய்வை முடித்து, 1949இல் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1991இல் மறைந்தார். 2019இல் ஒரு விண்மீனுக்கு ‘பிபா’ என்று பெயர் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் காலத்தில் எமல்ஷன் மூலைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் தவறு. 1971இல் ஜப்பானியர் கியோஷி நியு விமானத்தில் அனுப்பிய எமல்ஷனில், பிற்பாடு ‘சார்ம்’ என அடையாளம் காணப்பட்ட துகளின் தடம் விழுந்திருந்தது. சார்முக்குச் சான்றாக அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்கு 3 ஆண்டுகள் முன்பே. 2000 ஜூலையில் சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகம் டாவ் நியூட்ரினோவைக் கண்டதாக அறிவித்தது. அதற்குச் சான்றான தடங்களும் பதிந்திருந்தது எமல்ஷனில்தான்.

(தொடரும்)