எல்லையூர்களில் தொலைபேசிக் கட்டணம்: ஒரு வியாபாரியின் வரலாற்றுக் குறிப்புகள்

வரலாறு எழுத வருகிறவர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிப் போவார்கள். நானும் சிதறால் மலைக்குப் பலமுறை ஏறி இறங்கியவன்தான். ஆனால் இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது கைக்கு அகப்பட்டது என் கடைப் பேரேடு. அதிலே 'தபால், போன்' என்று ஒரு தலைப்பு உண்டு. வருஷ வாரியாகப் புரட்டிப் பார்த்தேன். இந்த எல்லையின் கதை பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அடியேன் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தவன். பாலராமபுரம் கைத்தறி வேட்டியும் நேரியலும் வாங்கி விற்க 1984இல் இங்கே வந்து, பாறசாலையில் கடை போட்டேன். முறையாகப் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். மீதியெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்தது.

கோடு விழுந்த கதை

திருவிதாங்கூர் காலத்தில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் ஒரே அரசு, ஒரே சந்தை. தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதும், மார்ஷல் நேசமணி முன்னின்றதும், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் வாசகர்கள் அறிந்ததே. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாக அந்தப் பக்கம் போயின. கேட்கப்பட்ட தாலுகாக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

கோடு இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. சந்தைக்குப் போவதும் நிற்கவில்லை. அக்கா பாறசாலையில், தங்கை களியக்காவிளையில் என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். நடந்தால் காசு கிடையாது. பேசினால்தான் காசு.

தூரத்தை எங்கிருந்து அளப்பது?

நாட்டில் நேராக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் முதலில் வந்தது. மற்ற ஊர்களுக்கு வெகுகாலம் டிரங்க் கால்தான். பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். 'அர்ஜெண்ட்' என்றால் இரண்டு மடங்கு, 'லைட்னிங்' என்றால் எட்டு மடங்கு கட்டணம். சாவுச் செய்தி சொல்லக்கூட மனுஷன் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

எஸ்.டி.டி. வந்த பிறகும் எங்களுக்கு ஒரு விசித்திரம் இருந்தது. பாறசாலைக்கு எண் 0471, அதாவது திருவனந்தபுரம். களியக்காவிளைக்கு 04651, அதாவது குழித்துறை. கட்டணத்துக்குத் தூரம் அளப்பது வீட்டிலிருந்து வீட்டுக்கு அல்ல, ஒரு கட்டண மையத்திலிருந்து மற்றொரு மையத்துக்கு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவரோடு பேசினாலும், மீட்டர் தலைநகரிலிருந்து குழித்துறைக்குத்தான் அளக்கும். எங்கள் முழக்கோல் அப்படி அளந்தால் கடையில் ஒரு வேட்டி விற்குமா?

மஞ்சள் போர்டும் பி.பி. நம்பரும்

1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, சாம் பிட்ரோடாவின் முயற்சியால் உள்நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பெருகின. கடைத்தெருவெல்லாம் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. பகலில் முழுக் கட்டணம். இரவு ஏற ஏறக் குறைந்து, பதினோரு மணிக்கு மேல் கால் பங்கு. அதனால் பத்தே முக்காலுக்கே பூத் வாசலில் வரிசை நிற்கும்.

இந்தச் சலுகை யாருக்குப் பயன்பட்டது என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்களுக்குப் பயன்பட்டது. எங்கள் ஊரிலோ பி.பி. நம்பர்தான், மளிகைக் கடைக்காரர் வீட்டுப் போன். ராத்திரி பதினோரு மணிக்கு அவரை எழுப்பி, "எங்க அண்ணனைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்ல முடியுமா? ஆகவே ஏழைக்குப் பகல் கட்டணம், அதுவும் இரண்டு தடவை. ஆளைக் கூப்பிடச் சொல்ல ஒன்று, பேச ஒன்று.

1993இல் எனக்கும் எங்கள் அண்ணனுக்கும் பாகப்பிரிவினையில் மனஸ்தாபம். தவறு பெரும்பாலும் என்னுடையது. எங்களில் தசலட்சண நாட்கள் முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. அந்த நாள் சாயங்காலம் பூத்துக்குப் போனேன். அண்ணன் வந்தார். "நல்லா இருக்கியாடா?" என்றார். நான் மழை, நெல் விலை, அண்ணியின் முழங்கால் வலி என்று ஆரம்பித்தேன். விஷயத்துக்கு வருவதற்குள் கண்ணெல்லாம் பெட்டியில் ஓடும் சிவப்பு எண்கள் மேலே போய்விட்டது. பூத்துப் பையன், "அண்ணாச்சி, யூனிட்டு ஓடுது" என்றான். அண்ணனும், "காசு ஆகும், வச்சிருடா" என்றார். வைத்துவிட்டேன். அன்றைய செலவு பேரேட்டில் 18 ரூபாய் 90 காசு. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர் காலமாகிவிட்டார்.

காசு மட்டுமே காரணம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மீட்டர் இல்லாத திண்ணையில் உட்கார்ந்திருந்தால் வாய் திறந்திருப்பேன் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

கைப்பேசி வந்தது, எல்லையும் வந்தது

1995 ஜூலை 31இல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசியது நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு. அந்நாளில் நிமிஷத்துக்குச் சுமார் 16 ரூபாய் வரை ஆகும். வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே 1 முதல்தான் வரும் அழைப்பு இலவசமானது.

ஆனால் எங்களுக்கு அது முழுசாக இலவசமாகவில்லை. நிலத்தொலைபேசி தூரத்தைப் பார்த்தது. கைப்பேசி மாநிலத்தைப் பார்த்தது. கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம். கோபுர அலைக்கு 1956 தெரியுமா? கடையின் முன்பக்கம் கேரளச் சிக்னல், கிட்டங்கிக்குப் போனால் தமிழ்நாட்டுச் சிக்னல். அது பிடித்தால் 'ரோமிங்'. என் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு நான் வெளிமாநிலப் பயணி! ஒரு மாசம் பில்லைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரரிடம் முறையிட்டேன். "நீங்கள் தமிழ்நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள்" என்று பதில். "சரக்கு எடுக்கக் கிட்டங்கிக்குத்தான் போனேன் ஐயா" என்றேன். எடுபடவில்லை. வியாபாரிகள் பலர் இரண்டு சிம், இரண்டு போன் என்று சட்டைப்பையில் இரண்டு மாநிலங்களைச் சுமந்து திரிந்தார்கள்.

இந்தக் கோடு அழிந்தது படிப்படியாகத்தான். 2006 மார்ச் 1இல் பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' திட்டம் கொண்டுவந்து, நாட்டில் எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்றது. டிராய் ஆணையம் ரோமிங்கில் வரும் அழைப்புக்கு உச்சவரம்பு வைத்தது: 2007இல் நிமிஷத்துக்கு 1 ரூபாய் 75 காசு, 2013இல் 75 காசு, 2015இல் 45 காசு. 2015 ஜூன் 15இல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேச்சுக்கே தனி விலை இல்லை என்றாகிவிட்டது. அரசியலார் அறுபது வருஷமாக அழிக்காத கோட்டைப் போட்டி வியாபாரம் போன் பில்லிலிருந்து அழித்தது.

நிறைவாக

எல்லாம் சுபம் என்று முடிக்க மனம் வரவில்லை. 2018 கடைசியில் சில கம்பெனிகள் மாசம் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் வரும் அழைப்புகூட வரும் என்றன. பிறகு 2019, 2021, 2024 என்று கட்டணங்கள் ஏறின. பாலராமபுரத்தில் எனக்கு நெய்து தரும் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். பட்டன் போன்தான். இண்டர்நெட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவர் போடும் ரீசார்ஜில் டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் காசு போய்க்கொண்டிருந்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டுமென்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படிப்பட்ட திட்டங்களை வெளியிட்டன. ரீசார்ஜ் கடையில் நாம் கேட்டால்தான் எடுத்துச் சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகக் கேட்டு வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

மற்றொன்று. இப்போது மீட்டர் ஓடுவதில்லை. மனஸ்தாபம் உள்ளவர்கள் யாராயினும் இன்றைக்கே பேசிவிடுங்கள். இக்கட்டுரையில் சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.