கார் சாவி தொலைஞ்சு போச்சா? டூப்ளிகேட் போடும் முன் இதைப் படிங்க!

கொடுங்கையூரில் சாவிக்கடைக்குப் போகும் முன், உங்கள் கார் எந்தத் தலைமுறை என்று பாருங்கள்.

பழைய அம்பாசிடர், 1983-ல் வந்த மாருதி 800: வெறும் இரும்புச் சாவிதான். அச்சு பார்த்து ராவினால் போதும், வண்டி கிளம்பிடும்.

சிப் சாவி: சாவியின் தலைப் பகுதியில் சின்ன சிப் இருக்கும். அதன் கோடை 'இம்மொபிலைசர்' ஏற்றால்தான் இன்ஜின் ஓடும். சாவியை மட்டும் வெட்டினால் கதவு திறக்கும், வண்டி ஓடாது. கருவியை இணைத்து, புது சிப்பை காரில் பதிய வேண்டும்.

புஷ் பட்டன் கார்: ஸ்மார்ட் கீயையும் இப்படித்தான் பதிய வேண்டும்.

தொலைந்த சாவியின் பதிவை அழிக்கச் சொல்லுங்க. அழித்தாலும் அது கதவைத் திறக்கும். அதனால் காருக்குள் பணம், ஆர்சி புக் வைக்காதீங்க.

கடைசிச் சாவியும் தொலைந்தால் செலவு எகிறும். ஒன்று கையில் இருக்கும்போதே ஸ்பேர் போட்டுடுங்க!