வேலியில போன ஓணானும் வெள்ளவத்தைக் கண்ணாடிப் பெட்டியும்

எங்கட நண்பன் ஒருத்தன் வெள்ளவத்தையில, காலி வீதிக்குக் கடற்பக்கமா ஒரு பிளற்றில இருக்கிறான். வெளிநாடு போன சொந்தக்காரர் ஒருத்தர் தன்ர தாடி ஓணான் குஞ்சைக் கண்ணாடிப் பெட்டியோட அவன்ர தலையில கட்டிட்டுப் போய்விட்டார். அது வந்து ஒன்பது நாளாக எதையும் தொடவில்லை. 'மச்சான், செத்துப்போயிடுமோ?' என்று அவன் கேட்டபோது எங்களில் பாதிப்பேர் சிரித்தோம். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை என்று சொன்னோம். மற்றப் பாதி தேடத் தொடங்கியது. அது ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்குப் பின்னால் நூறு வருசச் சரித்திரம் கிடந்தது.

முதலில் இந்தப் பிராணி யார்? அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தது. 1926இல் எர்ன்ஸ்ற் ஆல் என்ற ஜேர்மன் விலங்கியலாளர் இதற்கு அறிவியற் பெயர் வைத்தார். எங்கட மதிலில் தலையாட்டுகிற, சின்ன வயதில் நாங்கள் கல்லெறிந்து கலைத்த ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். அவுஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை உயிரோடு வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆனாலும் எப்படியோ வெளியே போன ஓணான்களின் வாரிசுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூடுகளில் பெருகி, 1990களில் செல்லப்பிராணிச் சந்தையை நிரப்பின.

இனிச் சாப்பாட்டுப் பிரச்சினை. 'கொழும்பு வெக்கையில இதுக்கு என்ன குறை?' என்றுதான் நாங்களும் நினைத்தோம். அங்கேதான் பிழை. கொழும்பு வெக்கை 30 பாகையைச் சுற்றி நிற்கிற ஈர வெக்கை. இந்தக் குஞ்சுக்கு வெயில் காய்கிற ஒரு மூலையில் 40 பாகை செல்சியஸ் அளவு வேணும், மற்ற மூலையில் 25 முதல் 28 வேணும். உடம்பு சூடேறாவிட்டால் இரைப்பையில் போனது செரிக்காது. செரிக்காது என்றால் பசியும் வராது.

இதை மனிதர் கண்டுபிடித்தது அவ்வளவு பழைய சங்கதியில்லை. ஊர்வன குளிர்இரத்தப் பிராணிகள், சுற்றியுள்ள காற்று எப்படியோ அப்படியே கிடக்கும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1944இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்ல்ஸ் போகர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பாலைவன ஓணான்களின் உடல்வெப்பத்தை அளந்து எழுதினார்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறி நகர்ந்து அவை தமக்கு வேண்டிய சூட்டைத் தாமே பிடித்து வைத்திருக்கின்றன என்று காட்டினார்கள். அப்படி நகர இடமில்லாத பெட்டி ஓணானுக்குச் சிறைதான். நண்பனின் அறையில் இரவெல்லாம் ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, வெளிச்சம். 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர், எலும்பு வளைந்த பிள்ளைகளைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்தினார். தோலில் அந்தக் கதிர் பட்டால் உடம்பு விற்றமின் டியை உண்டாக்கும், அது இல்லாமல் கல்சியம் எலும்பில் சேராது என்பது பிறகு தெளிவானது. பிள்ளைகளுக்குக் கண்ட வைத்தியம் சில வருசங்களிலேயே ஓணான்களுக்கும் வந்தது. லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் புரொக்டர் என்ற பெண், 1927இல் திறந்த புதிய ஊர்வன மாளிகையை வடிவமைத்தார். கூட்டுக்குள்ளேயே வேறுவேறு சூடு இருக்கும்படி மின்வெப்பம் வைத்தார். சாதாரண கண்ணாடி புறஊதாவைத் தடுத்துவிடும் என்பதால் அதை விடுகிற தனிக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். கொமோடோ ராட்சத ஓணான்கள் அவர் கையாலேயே சாப்பிட்டன. வாழ்நாள் முழுக்க நோயாளியாக இருந்த அவர் 34 வயதில், 1931இல் இறந்துபோனார்.

எங்கட நண்பன் பெட்டியை யன்னல் ஓரம் வைத்து 'வெயில் படுதுதானே' என்றான். யன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. 1927இல் ஜோன் புரொக்டருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே செய்தது இவ்வளவுதான். சூட்டு விளக்கும் புறஊதா ரியூப்பும் போட்டு, பகலில் 12 மணித்தியாலம் எரியவிட்டோம். மின்வெட்டுக் காலத்தில், 2022இல் போல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் எங்களிடம் நல்ல பதிலில்லை. அடியில் கிடந்த மணலை எடுத்துவிட்டுப் பேப்பர் விரித்தோம், ஏனென்றால் மணல் விழுங்கிக் குடல் அடைபடலாம். மூன்று பக்கக் கண்ணாடியை மறைத்தோம். தன் நிழலையே எதிரியென்று நினைத்துப் பயப்படும். புது இடம் வந்தால் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடப்பதும், தோல் கழற்றும்போது மறுப்பதும் வழமைதான். வளர்ந்த ஓணான் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், ஆனால் குஞ்சுக்கு அந்தச் சாட்டுச் சொல்ல முடியாது. சமையல் தராசில் வாரம் ஒருக்கா நிறுத்து எழுதிவைத்தோம். இரை அதன் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, அதில் கல்சியம் தூள் தூவவேணும். மின்மினிப் பூச்சி மட்டும் தப்பித்தவறியும் வேண்டாம், ஒன்றே கொல்லும். வாயைப் பிளந்து திணிக்கவும் வேண்டாம். நிறை இறங்கினால் எச்சத்தையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகவேணும், குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். ஐந்தாம் நாள் அது ஒரு சில்வண்டைப் பிடித்தது. பிளற் முழுக்கச் சத்தம் போட்டோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்களில் ஒருத்தி கொட்டாஞ்சேனைக்காரி. அவள்தான் கேட்டாள்: 'அங்கயிருந்து இங்க வந்த கதை சரி. இங்கயிருந்து அங்க போன கதை?'

வெள்ளவத்தையைத் தாண்டினால் தெஹிவளை. அங்கே மிருகக்காட்சிசாலை தொடங்கியதே ஏற்றுமதியில்தான். பிரபல மிருக வியாபாரி கார்ல் ஹேகன்பெக்கின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஜோன் ஹேகன்பெக் கொழும்பில் தங்கி, பிடித்த மிருகங்களைக் கப்பலேற்றும்வரை அங்கே வைத்திருந்தார். கம்பனி முறிந்தபின் 1936இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. 1880களில் அந்தக் குடும்பம் எங்கட நாட்டு மனிதரையும் யானைகளோடு கூட்டிப்போய் ஐரோப்பாவில் காட்சிக்கு வைத்தது.

அந்த வியாபாரம் முடியவில்லை. மூக்கு நுனியில் கொம்பு முளைத்த மலைநாட்டு ஓணான் உலகத்தில் வேறெங்கும் இல்லை. சட்டம் தடுத்தும் வெளிநாட்டுச் சந்தைகளில் விற்கப்பட்டது. நுவரெலியாக் குளிருக்குப் பிறந்த அதற்கு, நாங்கள் மேலே சொன்ன 40 பாகை விளக்கு நஞ்சு. இவற்றைக் காப்பாற்றுகிற சர்வதேசத் தீர்மானம் 2019 மே மாதம் கொழும்பிலேயே நடக்கவிருந்த சைற்றிஸ் மாநாட்டுக்கு வந்தது. ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்தது. மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. தீர்மானம் அங்கே நிறைவேறியது.

'அந்த மாசம் எங்கட ஒழுங்கையில ஓணானைப் பற்றி நினைக்க ஆருக்கும் மனமிருக்கேல்லை,' என்றாள் அவள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தாடி ஓணான் இப்போது சாப்பிடுகிறது. அதை மரத்தில் விட்டுவிடுவோம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அந்நியப் பிராணியை இங்கே அவிழ்த்துவிடுவது இன்னொரு பிழை. வந்ததை ஒழுங்காகப் பார்ப்போம். இன்னொன்று வாங்க வேண்டாம். ஓணான் பார்க்க ஆசையென்றால் மதிலுக்கு வாருங்கள், இந்த முறை கல் இல்லாமல்.