சம்பளத்தில் பிடித்த ஐம்பது காசு

நம் சங்கத்தின் ஐம்பதாண்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தலைவர்களும் விழாக்களுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது, சம்பளத்திலிருந்து நம்மவர்கள் மாதந்தோறும் ஒதுக்கிய சில்லறைக் காசு. அதன் வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

நம் முன்னோரில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகச் சிங்கப்பூர் வந்தவர்கள். கடையிலேயே வேலை, கடையிலேயே உறக்கம். சம்பளத்தில் முதல் பங்கு ஊருக்குப் போகும். மீதியைச் சிலர் முதலாளியிடமே விட்டுவைப்பார்கள். கடைப் பேரேட்டில் எழுதிய ஒரு வரிதான் கணக்கு. பெரும்பாலும் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஆனால் கடை நொடித்தாலோ, முதலாளி மவுத்தானாலோ கேட்க நாதியில்லை. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877 முதல் இருந்தும், வட்டிக்கு அஞ்சியும் எழுத்தறிவு இல்லாமலும் ஒதுங்கி நின்றவர்கள் உண்டு. பின்னாளில் இங்கு வந்து குடியேறிய நம் பெண்கள், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கூட்டுக் கட்டினார்கள்.

1955 ஜூலை 1ஆம் தேதி மத்திய சேம நிதி நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியிடம் 5 விழுக்காடு, முதலாளியிடம் 5 விழுக்காடு. கைக்கு வராத காசு என்ன காசு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். 1968இல், அந்தச் சேமிப்பைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கலாம் என்று வந்தபோது நிலைமை மாறியது. கடை மாடியில் பாய் விரித்துப் படுத்தவர், சொந்த வீட்டுச் சாவியோடு குடும்பத்தை வரவழைத்தார். பயணி குடிமகனானார்.

புதிய நகரங்களில் வீடு கிடைத்தது. தொழப் பள்ளிவாசல் இல்லை. அதற்காக 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் மாதம் 50 காசு, சேம நிதி வழியாகவே பிடிக்கப்பட்டது. விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம். அதிகாரிக்கும் அதே 50 காசு, கூலித் தொழிலாளிக்கும் அதே 50 காசு. 1977இல் தோ பாயோவில் முஹாஜிரின் பள்ளிவாசல் எழுந்தது. முஹாஜிரின் என்றால் ஹிஜ்ரத் செய்து வந்தவர்கள் என்று பொருள். கம்பத்தை விட்டு அடுக்குமாடிக்குப் பெயர்ந்தவர்களுக்கும், கடல் கடந்து வந்த நமக்கும் பொருந்திய பெயர். மலாய்ச் சகோதரர்களின் காசும் நம் காசும் ஒரே சுவரில் கலந்தன.

நம் சங்கமும் இதே வழியில்தான் வளர்ந்தது. சம்பள நாள் பார்த்து ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்கிய பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் ஜனாஸா செலவுக்கும் அந்தக் காசுதான் கைகொடுத்தது.

பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. 1987இல் குறைந்தபட்சத் தொகைத் திட்டம் வருவதற்கு முன், 55 வயதில் சேம நிதி மொத்தமாகக் கைக்கு வரும். அதை வாங்கி ஊரில் வீடு கட்டி, குமர்காரியங்களை முடித்துவிட்டு, தமக்கென ஒன்றும் வைக்காமல் முதுமையில் மருந்துச் செலவுக்குப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்த பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பிறருக்காகவே சேமித்துப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் தமக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும் என்பதை அவர்கள் வாழ்க்கையே நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

இன்று பிடித்தமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுகிறது. இளைய தலைமுறை, முதல் சம்பளச் சீட்டு கையில் கிடைத்ததும், பிடித்தங்களை வரி வரியாகப் படித்துப் பார்க்கட்டும். ஒரு வரி தமக்கு, ஒரு வரி சமுதாயத்துக்கு. இரண்டையும் விடாமல் காக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.