காய்ந்த ரொட்டியும் கண்ணியமும்

நம் குமரி மாவட்டத்து வீடுகளில் ஆப்பமும் ஒறட்டியும் வைத்துப் பசியாறிய தட்டில், இன்று பிள்ளைகள் ‘பாம்பே டோஸ்ட்’ கேட்கின்றனர். ஆங்கிலேயர் இதனைப் ‘பிரெஞ்சு டோஸ்ட்’ என்பர். பண்டமோ இவ்விரு பெயர்களையும்விடப் பழமையானது.

ரோமானியரின் ‘அபீசியஸ்’ என்னும் சமையல் நூலில், ரொட்டித் துண்டுகளைப் பாலில் ஊறவைத்துப் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை காணப்படுகிறது. பிரெஞ்சு மக்கள் இதற்கு இட்ட பெயரின் பொருள் ‘இழந்துபோன ரொட்டி’ என்பதாகும். காய்ந்து வீணாகவிருந்ததை மீட்ட உணவு என்பதே அதன் கருத்து. ஹைதராபாத்தின் ‘டபுள் கா மீட்டா’வும் பொரித்த ரொட்டியைப் பாலிலும் சீனிப்பாகிலும் ஊறவைத்துச் செய்வதே.

அரபு மண்ணில் ரொட்டியைப் பிய்த்து இறைச்சிச் சாற்றில் ஊறவைத்த உணவு ‘ஸரீத்’ எனப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிபின் தந்தைக்கு இயற்பெயர் அம்ர். பஞ்ச காலத்தில் மக்காவாசிகளுக்கு ரொட்டியை நொறுக்கிச் சாற்றில் இட்டு வழங்கியதால் ‘ஹாஷிம்’, அதாவது நொறுக்குபவர், என்று பெயர் பெற்றார். பனூ ஹாஷிம் என்னும் குலப்பெயரே ஊருக்குப் பசியாற்றிய ஒரு செயலிலிருந்து பிறந்தது! ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பை நபியவர்கள் உவமித்ததும் ஸரீதைக் கொண்டே.

கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணுமாறு நபிமொழி பணிக்கிறது. உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளது என்பதை நாம் அறியோம். அவ்வாறிருக்க, நேற்றைய ரொட்டியைக் குப்பையில் எறிவது எவ்வாறு தகும்?

நான்கு துண்டுகளுக்கு இரண்டு முட்டையும் அரை டம்ளர் பாலும் போதும். சற்றுக் காய்ந்த ரொட்டியே பாலை உறிஞ்சியும் உடையாமல் நிற்கும். பூசணம் பிடித்ததை மட்டும் விலக்குக. மிதமான தீயில் நெய்யிட்டு இருபுறமும் பொன்னிறமாக வாட்டி, தேனோ நம் பனங்கருப்பட்டிப் பாகோ ஊற்றலாம்.

பரிமாறும்போது பிள்ளைகளை உடன் அமர்த்துங்கள். தம் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவுக்கு, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தமக்கு முன்னிருப்பதை உண்ணுமாறு நபியவர்கள் கற்பித்தது உணவுத்தட்டின் முன்னேதான். அந்த ஒழுக்கத்தைக் கற்பிக்க நம் வீட்டுக் காலை உணவும் ஏற்ற பாடசாலையாகும்.