முத்திரை இல்லாத படம்

பெரம்பலூரில் நான் ஸ்டுடியோ வேலை பழகிய கடையில், கல்யாணப் படங்களைப் பிரிண்ட் போட்டதும் ஒவ்வொன்றின் பின்னாலும் ரப்பர் முத்திரை குத்துவது என் பொறுப்பு. மறந்தால் திட்டு விழும். "முத்திரை இல்லேன்னா எவன் எடுத்ததுன்னு எவனுக்குடா தெரியும்?" என்பார் முதலாளி. அரியலூர் வரைக்கும் அந்த முத்திரைதான் எங்களுக்கு விளம்பரம். ஈரானியப் புரட்சியின் படங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் குரல்தான் காதில் விழுகிறது.

1979 ஜனவரி 16இல் மன்னர் முகமது ரெசா ஷா பகலவி நாட்டை விட்டுப் போனார். 'ஷா போய்விட்டார்' என்று ராட்சத எழுத்தில் அச்சடித்தது தெஹ்ரானின் 'எத்தெலாத்' நாளிதழ். அதற்குச் சில நாள் முன்புவரை, தணிக்கையை எதிர்த்துப் பத்திரிகைகளே இரண்டு மாதம் வேலைநிறுத்தத்தில் இருந்தன. பிப்ரவரி 11இல் முடியாட்சி ஒழிந்தது. அந்தத் தலைப்பைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் ஜனங்களின் படங்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, ஏழு மாதம் கழித்து அதே பத்திரிகையில் வந்த வேறொரு படம்.

ஆகஸ்ட் 27. குர்து மக்கள் வாழும் சனந்தஜ் நகரின் விமான நிலையம். நீதிபதி சாதிக் கல்காலி அரை மணி நேரம்போல விசாரித்து 11 பேருக்கு மரண தண்டனை விதித்தார். 'எத்தெலாத்' புகைப்படக்காரர் ஜஹாங்கீர் ரஸ்மி, துப்பாக்கிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தார். கண் கட்டப்பட்டவர்களில் சிலர் சரிகிறார்கள். ஒருவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்தபடி இன்னும் நிற்கிறார். தடுக்க முடியாத இடத்தில் நின்று படம் மட்டும் எடுப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்காமல் விட்டிருந்தால் அந்த 11 பேரும் ஒரு வரிச் செய்தியாகப் போயிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர் படத்தைப் போட்டார். எடுத்தவர் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் எவன் எடுத்தது என்று தெரிந்திருக்கும், அதுதான் ஆபத்து. யு.பி.ஐ. செய்தி நிறுவனம் படத்தை உலகம் முழுக்க அனுப்பியது. 1980இல் புலிட்சர் பரிசு 'பெயர் தெரியாத புகைப்படக்காரருக்கு'ப் போனது. ரஸ்மி வாய் திறக்கவில்லை. அன்றைய படங்களின் கான்டாக்ட் ஷீட்டை வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு தெஹ்ரானிலேயே இருந்தார். 2006இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதிய பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது.

இடையில் பத்திரிகை வேலையை விட்டு அவரும் ஒரு ஸ்டுடியோ வைத்தார்.