இருமொழிக் குழந்தையும் கல்வி உளவியலும்

பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியல் பயிலும் மாணவர்கள் தார்ண்டைக், பினே, பியாஜே, வைகாட்ஸ்கி முதலான பெயர்களை முதலாண்டிலேயே அறிந்துகொள்கின்றனர். அவர்களுடைய கோட்பாடுகளைத் தேர்வுக்காகக் கற்கும் நாம், இத்துறை எங்கே தவறியது, எவ்வாறு தன்னைத் திருத்திக்கொண்டது என்னும் வரலாற்றை அரிதாகவே கேட்கின்றோம். அவ்வரலாற்றில் மொழியாசிரியர்களுக்கு மிக நெருக்கமான ஒரு பகுதியை இவ்வுரையில் எடுத்துக்கொள்கின்றேன். இரு மொழிகளோடு வளரும் குழந்தையின் அறிவு குன்றுமா, வளருமா என்பதே அதன் வினா.

1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1899-இல் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய உளவியல் உரைகள் நூலாயின. 1903-இல் தார்ண்டைக் 'கல்வி உளவியல்' என்ற பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். எதனையும் எண்ணால் அளக்க வேண்டும் என்னும் வேட்கை அந்நாளில் மிகுந்திருந்தது. 1905-இல் பிரான்சு நாட்டில் ஆல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை வகுத்தனர். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளை இனங்காண்பதே அதன் நோக்கம். நுண்ணறிவு மாறாத ஒன்று என்னும் கருத்தைப் பினே 1909-இல் வெளிப்படையாகவே மறுத்தார். ஆயினும் அச்சோதனை கடல் கடந்து அமெரிக்கா சென்று, 1916-இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் டெர்மன் அதனைத் திருத்தியமைத்தபின், உதவி செய்யப் பிறந்த கருவி தரம் பிரிக்கும் கோலாகவும் மாறிற்று.

அந்தக் கோல் விரைவிலேயே இருமொழிக் குழந்தைகள்மீது வைக்கப்பட்டது. 1923-இல் சேயர் என்பவர் வேல்சு நாட்டில் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான ஏறத்தாழ 1,400 சிறுவர்களைச் சோதித்தார். நாட்டுப்புறத்தில் வெல்ஷும் ஆங்கிலமும் அறிந்த சிறுவர்கள், ஆங்கிலம் மட்டும் அறிந்த சிறுவர்களைவிட நுண்ணறிவு ஈவில் ஏறத்தாழ 10 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். இரு மொழிகள் மனக்குழப்பத்தை விளைவிக்கின்றன என்னும் எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

ஆனால் அதே ஆய்வில் நகர்ப்புறச் சிறுவர்களிடையே அவ்வேறுபாடு காணப்படவில்லை. இரு மொழிகள் அறிவதே குறைபாட்டுக்குக் காரணமாயின், நகரத்திலும் அது தோன்றியிருக்க வேண்டும் அல்லவா? பெற்றோரின் தொழில், வருவாய், கல்வி ஆகியவற்றை அக்கால ஆய்வாளர் பலர் கணக்கில் கொள்ளவில்லை. குழந்தைக்கு நன்கு வாராத மொழியிலேயே சோதனை நடத்திவிட்டு, விளைவை அறிவுக்குறை என்று எழுதியவர்களும் உண்டு.

ஏறத்தாழ நாற்பதாண்டுகள் சென்றபின் திருப்பம் நேர்ந்தது. 1962-இல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் தம் ஆய்வை வெளியிட்டனர். ஆறு பிரெஞ்சுப் பள்ளிகளின் பத்து வயதுச் சிறுவர்களை எடுத்துக்கொண்டு, வயது, பால், குடும்பப் பொருளாதார நிலை ஆகியவற்றில் இரு குழுக்களையும் ஒப்பவைத்தனர். மொழிசார்ந்த சோதனைகளில் ஒருமொழிச் சிறுவர்களே மேம்படுவர் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. விளைவோ நேர்மாறாக அமைந்தது. மொழிசார்ந்த சோதனை, மொழிசாராச் சோதனை இரண்டிலும் இருமொழிச் சிறுவர்கள் முன்னின்றனர்.

இவ்விடத்தில் நாம் மகிழ்ச்சியால் நிதானம் இழந்துவிடலாகாது. இரு மொழிகளிலும் நிகரான திறன் பெற்ற சிறுவர்களையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். இருமொழித் திறன் அறிவை வளர்த்ததா, அறிவு மிக்க சிறுவர்கள் இரு மொழிகளையும் எளிதாகக் கற்றனரா என்னும் வினா எஞ்சி நின்றது. நமக்கு உவப்பான முடிவையும் உவப்பற்ற முடிவைப் போலவே ஐயுற்று நோக்குதல் வேண்டும்.

மொழியியலாளர் ஒருவரின் பணியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வெர்னர் லியோபோல்டு தம் மகள் ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளையும் கற்ற முறையை நாட்குறிப்பாகப் பதிந்து, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு பொருளுக்கு இரு பெயர்கள் உண்டு என்று அறிந்த குழந்தை, பெயர் வேறு பொருள் வேறு என்பதை விரைவில் உணர்கிறது என்று அவர் கண்டார். பின்னர் 1979-இல் ஜிம் கம்மின்ஸ், அன்றாட உரையாடல் திறனையும் பாடம் கற்பதற்கு வேண்டிய மொழித் திறனையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது இரண்டு ஆண்டுகளில் கைவரலாம். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். ஒரு மொழியில் பெற்ற சிந்தனைத் திறன் மற்ற மொழிக்கும் துணைபுரியும் என்பதும் அவருடைய கருத்து.

இவ்வரலாறு எனக்கு ஏட்டளவில் நிற்பதன்று. என் தங்கை தொடக்கப்பள்ளியில் சேர்ந்தபோது, வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் தடைபடும் என்று ஓர் ஆசிரியர் எங்கள் அம்மாவிடம் கூறினார். நல்லெண்ணத்தோடுதான் கூறினார். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலமோ சில சொற்களே. ஆகவே அவர் தங்கையிடம் ஆங்கிலம் பேசவில்லை; பேசுவதையே குறைத்துக்கொண்டார். இரவில் எனக்குச் சொன்ன கதைகள் எவையும் தங்கைக்குக் கிட்டவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் சேயரின் ஆய்வைப் படித்தபோதுதான், அவ்வாசிரியரின் அறிவுரை எந்த ஊற்றிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தேன்.

சிங்கப்பூரில் 1960 முதல் தொடக்கப்பள்ளியிலும் 1966 முதல் உயர்நிலைப் பள்ளியிலும் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமாயிற்று. வகுப்பறையில் தமிழுக்கு இடம் உண்டு. வீட்டிலோ நிலை வேறு. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. பழைய அச்சமும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாகாது.

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கின்றேன். ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது, யாரை அளந்தனர், எம்மொழியில் அளந்தனர், யாரோடு ஒப்பிட்டனர் என்னும் மூன்று வினாக்களைத் தவறாமல் எழுப்புங்கள். நாளை ஒரு தாய் உங்கள்முன் வந்து, வீட்டில் எம்மொழியில் பேசுவது என்று கேட்பார். உங்களுக்கு எம்மொழியில் கதை சொல்ல வருமோ அம்மொழியிலேயே பேசுங்கள் என்று அவரிடம் கூறுங்கள்.